கொம்பு கரைந்த யானை

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை ஒரு கறிபாப்புக்காகப் பிறந்தது.

சென்ற மாதம் மலாக்காவில் ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு. தலைப்பு: 'அண்டை நாடுகளுக்கிடையே தீராத வரலாற்று மனக்குறைகளும் வணிக உறவுகளும்'. தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் எனக்குப் பசி எடுத்துவிட்டது. இடைவேளையில் தேநீரும், மசால் அடைத்துப் பொரித்த கறிபாப்பும் உண்டு என்று வாசலில் எழுதியிருந்தார்கள். என் வயதுக்காரனிடம் அழைப்பிதழ் யாரும் கேட்பதில்லை. யாரோ ஒருவருடைய அப்பா என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சந்திரமதி என்ற விரிவுரையாளர் பேசினார். பழைய மனக்குறை ஒன்று இருந்தால் போதும், அரிசியும் கருவாடும்கூட ஒழுங்காகக் கடல் தாண்டாது என்றார். பிறகு, "நம்ம மலாக்காவுலேருந்து யாராச்சும் ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து நான் தொண்டையில் சிக்கிய கறிபாப்பை இறக்குவதற்காக எழுந்து நின்றேன். பேச எழுந்ததாக நினைத்து ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார்கள்.

"யானை," என்றேன்.

"யானைங்களா?"

"காஜா பெராங் யானை. ஜப்பான்காரன் காலம். சுமத்ராவுல தஞ்சோங் சாபார்காரங்க இன்னும் மன்னிக்கல."

அவர் குறித்துக்கொண்டார். "இதுக்கு ஆதாரம் இருக்குங்களா ஐயா?"

"வீட்டுல இருக்கு. எழுதி அனுப்புறேன்."

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்த ஆதாரம்.

2

ஆரம்பம் ஒன்று: காலை எட்டு மணி. காஜா பெராங்கில் அப்போதுதான் சூரியன் எழ—

[அடித்துவிட்டேன். நேரம் தப்பு என்பீர்கள். தப்பில்லை. ஜப்பான்காரன் வந்ததும் மலாயாக் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தான். சூரியன் மட்டும் கேட்கவில்லை. அதனால் மூன்றரை வருடம் மலாக்கா முழுவதும் அரைத் தூக்கத்தில் நடந்தது.]

ஆரம்பம் இரண்டு: அது 2603ஆம் ஆண்டு—

[இதையும் அடித்துவிட்டேன். இது ஜப்பானியக் கணக்கு, நமக்கு 1943. எதிர்காலக் கதை என்று நினைத்து யாராவது பறக்கும் வண்டியைத் தேடக்கூடும்.]

ஆரம்பம் மூன்று: தெய்வானைக்குக் குளிர்ந்தது.

இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை. மலாக்கா வெயிலில், அடுப்படிக்குப் பக்கத்தில், மூன்று சாக்கைப் போர்த்துக்கொண்டு அவள் நடுங்கினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடிகாரத்தில் நாலு மணிக்கு, சொல்லி வைத்தாற்போல் வந்தது அந்த முறைக்காய்ச்சல். ஊரில் எல்லாம் தாறுமாறாக இருந்த காலத்தில் நேரம் தவறாமல் வந்தது அது ஒன்றுதான்.

அவள் கணவன் சோலையப்பன் காஜா பெராங்கில் துணிக்கடை வைத்திருந்தவன். செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம். கடையில் இப்போது அலமாரி மட்டும் இருந்தது. சிப்பாய்கள் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த வெள்ளைத் துணி இரண்டு கட்டு மிச்சம். பானையில் அரிசி இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது.

"என்னங்க," என்றாள் தெய்வானை. பல் தந்தியடித்தது. "கெணத்தடியில யானை நிக்குது."

"அங்க கெணத்துல தண்ணியே இல்ல ஆத்தா."

"அதான் நிக்குது. கோபமால்லாம் இல்ல. தாகம். வீட்டுக்குப் போக வழி கேக்குது."

சோலையப்பன் எட்டிப் பார்த்தான். கிணற்றடியில் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கிருந்த வாழைமரம் மெதுவாக ஆடி நின்றது. காற்று இல்லை.

[அவளுக்குத் தெய்வானை என்று பேர் வைத்தபோது அதற்குள் ஒரு யானை இருப்பதை நான் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன். மாற்ற மனமில்லை.]

மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை இருந்தால் பிழைப்பாள். நாலைந்து முறை அந்தக் காய்ச்சல் வந்துபோய்விட்டது. இன்னும் இரண்டு முறை வந்தால் உடம்பு தாங்காது. மலாக்காவில் கொயினா இல்லை. எதிர்க்கரையில் இருந்தது.

3

எதிர்க்கரை என்றால் சுமத்ரா. அங்கே தஞ்சோங் சாபார் என்று ஒரு மீனவர் துறை. மலாயில் 'பொறுமை முனை' என்று அர்த்தம். ஊர்க்காரர்களுக்குப் பொறுமையே கிடையாது. டச்சுக்காரன் தோட்ட மருந்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியபோது கொயினாத் தகரப் புட்டிகள் அவர்கள் கைக்கு வந்தன.

அவர்களுக்கு இல்லாதது துணி. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு முழம் வரவில்லை. உயிரோடிருப்பவர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். செத்தவர்களுக்குத்தான் சிரமம். முஸ்லிம் வழக்கப்படி பிணத்தைச் சுற்ற வெள்ளைத் துணி வேண்டும். பாயில் சுற்றிப் புதைத்தார்கள்.

ஆக, இந்தக் கரையில் துணி, அந்தக் கரையில் மருந்து. இரண்டு கரையிலும் ஒரே ஜப்பான் கொடி. நடுவில் ஒரு பகல் தூரம் கடல். பள்ளிக்கூடப் பொருளாதாரப் புத்தகத்தில் இதற்கு மேல் ஒரு வரிகூடத் தேவைப்படாது. ஆனால் நடுவில் யானை நின்றது.

காஜா பெராங் என்றால் மலாயில் 'கோபங்கொண்ட யானை'. இந்தப் பேர் உண்மையில் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகையால் உறுதியாகச் சொல்கிறேன்: இருநூறு வருடங்களுக்கு முன் மலாக்காவில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்காகத் தஞ்சோங் சாபார்காரர்கள் தங்கள் ஒரே யானையை மூன்று நாள் இரவல் கொடுத்தார்கள். பேர் சீ மானிஸ், 'இனியவள்'. கடலில் நீந்தித்தான் வந்தது. திரும்பிப் போகவில்லை. அதாவது பரவாயில்லை; கடலோரத்தில் இரவல் கொடுத்தது திரும்பாதது புதிதா? சீ மானிஸ் நின்ற இடத்துக்குக் 'கோபக்கார யானை' என்று பேர் வைத்தார்களே, அதைத்தான் அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. எங்கள் யானை பரம சாது. கோபம் வந்திருந்தால் அது உங்களால் வந்தது. ஊர்ப் பேரிலேயே பழியை எழுதிவைத்துவிட்டீர்கள் என்பது அவர்கள் கட்சி.

அன்றிலிருந்து காஜா பெராங்காரனுக்கு அவர்கள் ஒரு முட்டைகூட விற்பதில்லை. காஜா பெராங்காரன் பேச வந்தால் முதுகைக் காட்டித்தான் பதில் சொல்வார்கள். அது அவர்கள் ஊர் மரபு.

இதில் கொழுத்தது மலாக்காவின் இன்னொரு ஊரான செமாபோக். அங்கிருந்து வாங்கி, இங்கே இரட்டிப்புக்கு விற்றார்கள். கோபம் ஆறிவிடப் போகிறது என்று தெரிந்தால், செமாபோக்காரர்களே பெருநாள் சமயத்தில் தஞ்சோங் சாபாருக்குப் போய், "அவங்க இன்னும் அந்தப் பேரை மாத்தலையே தோக்," என்று 'தோக்'கிடம், அதாவது ஊர்ப் பெரியவரிடம், நினைவூட்டிவிட்டு வருவார்களாம்.

போர் வந்ததும் செமாபோக் படகுகளை எல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டது. கடல் தாண்ட அனுமதிச் சீட்டு வைத்திருந்தது ஒரே படகு. அதன் சொந்தக்காரர் ஹாஜா மரைக்காயர். ஊர், காஜா பெராங்.

4

சோலையப்பன் துணிக்கட்டுகளோடு ஹாஜாவின் படகில் ஏறிய அன்று கடல் கடலைப் போல் இல்லை. கஞ்சித் தண்ணீரில் வெளிச்சம் போட்டதுபோல் இருந்தது. வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. படகு நின்ற இடத்திலேயே நின்றது. சுமத்ராக் கரைதான் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் தண்ணீரிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் எழும்பியது. மூச்சு விட்டது.

"பாக்காதீங்க செட்டியாரே," என்றார் ஹாஜா, பாயை இழுத்துக் கட்டியபடி. "பாத்தா வழி கேக்கும்."

"மரைக்காயரே, அது என்னது?"

"எனக்கு எப்புடித் தெரியும்? நான்தான் பாக்கலையே."

அது இன்னொரு முறை மூச்சு விட்டு அமிழ்ந்தது. [சந்திரமதிக்கு அனுப்பும் பிரதியில் இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும்.]

தஞ்சோங் சாபாரின் ஊர்த்தலைவரைப் பெங்ஹுலு என்பார்கள். மரப்பலகை வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் மலாயில் பேசினார்கள். நான் தமிழில் கேட்டேன்.

"எந்த ஊர்?"

"மலாக்கா, தோக்."

"மலாக்கா பெரிசு. அதுல எங்க?"

புத்திசாலி வாசகர் இங்கே, செமாபோக் என்று சொல்ல வேண்டியதுதானே என்பார். சோலையப்பனும் அப்படித்தான் நினைத்து வாயைத் திறந்தான். ஆனால் படகை இழுத்துக் கட்டும்போதே ஹாஜா தாகத்தில், "காஜா பெராங்லேருந்து வர்றோம், கொஞ்சம் தண்ணி குடுங்க!" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தியிருந்தார்.

பெங்ஹுலு எழுந்தார். திரும்பினார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"யானையைக் கொண்டாந்தியா?" என்றது முதுகு.

"அது செத்து எவ்வளவோ காலம் ஆயிருக்குமே தோக்."

"செத்துப்போச்சுன்னு யாரு வந்து எங்ககிட்ட சொன்னா? நாங்க இன்னும் தழை ஒடிச்சு வைக்கிறோம்."

"வெள்ளைத் துணி கொண்டாந்திருக்கேன். ரெண்டு கட்டு. ஒரு புட்டி கொயினா குடுத்தாப் போதும்."

முதுகு இன்னும் விறைத்தது. "போன வாரம் எங்கண்ணனைப் பாயில சுத்திப் பொதைச்சோம். பாயில! ஆனா உங்க ஊருத் துணியில சுத்தியிருந்தா, அவரு எந்திரிச்சு வந்து என்னை அடிச்சிருப்பாரு."

ஹாஜா சோலையப்பன் காதில், "போயிடலாம் செட்டியாரே. முதுகுகிட்ட வியாபாரம் பேச முடியாது," என்றார்.

சோலையப்பன் போகவில்லை. "என் வீட்டுக்காரி அதைப் பாத்தா தோக்," என்றான். "கெணத்தடியில. காய்ச்சல்ல பாத்தா. கோபமே இல்லையாம். தாகமாம். வீட்டுக்குப் போக வழி கேக்குதாம்."

முதுகு அசைந்தது. "எந்தக் காது கிழிஞ்சிருந்துச்சு?"

"கேக்கலையே தோக். போய்க் கேட்டுச் சொல்றேன்… அவ உசுரோட இருந்தா."

பெங்ஹுலு திரும்பினார்.

அந்த முகத்தை நான் இங்கே வருணித்தாக வேண்டும். நாலு முறை எழுதினேன், நாலும் சரியில்லை. காஜா பெராங்காரன் ஒருவன் முதன்முதலில் பார்த்த தஞ்சோங் சாபார் முகம் அது. மூக்கு இருந்தது. கண் இரண்டும் ஈரமாக இருந்தன. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

5

"சரி," என்றார் பெங்ஹுலு. "ஆனா சும்மா குடுத்தா ஊரு என்னைக் கேக்கும். எழுதிக் குடு. அந்தப் பேரு பொய்யின்னு."

சோலையப்பனுக்கு மலாய் பேச வரும். எழுதத் தமிழ் மட்டும்தான் தெரியும். யோசித்தான். ஊர்ப் பேரை அவன் எப்படி மாற்றுவான்? ஒன்று செய்யலாம். 'பெராங்' என்பதைக் கொஞ்சம் உதட்டை அழுத்திச் சொன்னால் மலாயில் போர். காஜா பெராங் என்றால் போர் யானை. போர் யானை என்பது பட்டம், அவமானமில்லை. பெங்ஹுலுவிடம் இரண்டையும் மாற்றி மாற்றி உச்சரித்துக் காட்டினான். பெங்ஹுலு இரண்டாவதை நாலு முறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

உடனே சோலையப்பன் மலாய்ச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதினான்:

கம்போங் காமி புக்கான் காஜா பெராங். கம்போங் காமி காஜா பெராங்.

அதாவது: 'எங்கள் ஊர் கோபக்கார யானை அல்ல. எங்கள் ஊர் போர் யானை.'

மறுபடி பாருங்கள். என்ன எழுதியிருக்கிறான்? 'எங்கள் ஊர் காஜா பெராங் அல்ல, காஜா பெராங்.' நம் தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே ப. உலகத்திலேயே, எதையும் விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த ஒரே மன்னிப்புக் கடிதம் இதுவாகத்தான் இருக்கும்.

ஹாஜா வாங்கிப் பார்த்தார். "என்ன செட்டியாரே, காஜான்னு, ஊர்க்காரங்க எழுதுற மாதிரி, என் பேரையில்ல எழுதியிருக்கீங்க? எனக்கென்ன கோபம்?"

"சத்தமாப் படிங்க மரைக்காயரே. ரெண்டாவது தடவை உதட்டை அழுத்தி."

ஹாஜா படித்தார். ஊரே கேட்டது. ஒரு கிழவர் அழுதார். பெங்ஹுலு காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உங்களுக்கு இந்த எழுத்து தெரியாதே தோக்," என்றான் சோலையப்பன், மனசு கேட்காமல்.

"அதனாலதான் நம்புறேன். தெரிஞ்ச எழுத்துல எழுதுனவன் எல்லாம் எங்களை ஏமாத்திட்டான்."

பிரதி இரண்டு எழுதினார்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று இவர்களுக்கு. துணி கைமாறியது. தகரப் புட்டி கைமாறியது. சோலையப்பன் கடிதத்தை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டான். திரும்பும் வழியில் ஓர் அலை அடித்தது.

6

மலாக்கா ஆற்று முகத்தில் சோதனைக் கொட்டகை. மேசைக்குப் பின்னால் ஜப்பானிய அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஜெயபாலன். போருக்கு முன் பள்ளி ஆசிரியர். சோலையப்பனும் ஹாஜாவும் குனிந்து வணங்கினார்கள். ஹாஜாவின் சீட்டு சரியாக இருந்தது. தகரப் புட்டி மேசைமேல் வைக்கப்பட்டது. பிறகு சோலையப்பன் இடுப்பைத் தடவிக் கடிதத்தை எடுத்தார்கள்.

அதிகாரி அதை ஜெயபாலனிடம் நீட்டி, படி என்றார்.

ஜெயபாலன் பார்த்தார். வியர்த்தார். படிப்பதுபோல் தலையைக் குனித்துக்கொண்டு சோலையப்பனிடம் மெதுவாகக் கேட்டார்: "என்னய்யா எழுதி வச்சிருக்க?"

"யானையைப் பத்தி சார்."

"யானை எங்கய்யா இருக்கு இதுல? கொம்பே காணோம்."

உண்மைதான். உப்புத் தண்ணீர் பட்டு, இரண்டாவது 'பெராங்'கின் கொம்பு கரைந்துவிட்டிருந்தது. மிஞ்சியது 'பராங்'. மலாயில் அதற்குச் சரக்கு என்று பொருள்.

"கோபம்னு படிச்சா, ஊரே கோபமா இருக்கு, கலகம்," என்றார் ஜெயபாலன், உதடு அசையாமல். "போர்னு படிச்சா ராணுவ ரகசியம். கொம்பில்லாம படிச்சா சரக்கு, கடத்தல். ஒரே வார்த்தையில மூணு குத்தம் பண்ணியிருக்கியே. ஏன்யா, நாலு வருஷம் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவன்தானே நீ?"

"ரெண்டு வருஷம் சார்."

"தெரியுது. எதைச் சொல்லட்டும்? நீயே சொல்லு."

சோலையப்பன் மேசையிலிருந்த தகரப் புட்டியைப் பார்த்தான். "எதைச் சொன்னா அது வீட்டுக்குப் போகும் சார்?"

அதிகாரி விரலால் மேசையைத் தட்டினார்.

7

இந்த இடத்தில் தொலைபேசி அடித்தது. என் வீட்டில்.

"ஐயா, சந்திரமதி பேசுறேன். தஞ்சோங் சாபார் மேப்ல இல்லையே?"

"கோவிச்சுக்கிட்டு மேப்லேருந்து வெளிய போயிட்டாங்கம்மா."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு சிக்கல் ஐயா. நேத்து அந்தக் கரையிலேருந்து கருவாட்டு வியாபாரிங்க ஒப்பந்தம் பேச வந்தாங்க. நான் நல்லதுக்குத்தான் உங்க யானைக் கதையைச் சொன்னேன். அவங்க தலைவர் எந்திரிச்சுப் போயிட்டாரு."

"ஏன்?"

"அவங்க யானைக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லையாம்."

"அம்மா, உண்மையைச் சொல்லிடுறேன். அப்படி ஒரு யானையே கிடையாது. நான் கறிபாப்…"

"ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க ஐயா! இப்போ யானையே இல்லைன்னும் சொல்றாங்களான்னு கேப்பாங்க."

போனை வைத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ என் வாழைமரத்தை உரசிக்கொண்டு போனதுபோல் இருந்தது. பூனையாக இருக்கலாம். பெரிய பூனை.

8

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவு: ஜெயபாலன், "போர் யானை. உங்கள் படையைப் புகழ்ந்து எழுதிய பாட்டு," என்கிறார். அதிகாரி மகிழ்ந்து புட்டியைத் தள்ளிவிடுகிறார். சோலையப்பன் ஓடுகிறான். தெய்வானை மாத்திரையை விழுங்கி, கசக்கிறது என்று முகம் சுளிக்கிறாள். பிழைத்து எழுந்து, இடது காது என்கிறாள். அடுத்த படகில் சேதி போகிறது. பிறகு இரண்டு கரைக்காரர்களும் முட்டை, கருவாடு என்று வாங்கி விற்றுக்கொண்டு, யாருக்கும் எதுவும் நினைவில்லாமல் வாழ்கிறார்கள். நல்லபடியாக நடந்த வியாபாரத்தை எந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது? சந்திரமதிக்கு ஆதாரம் கிடைக்காது.

இரண்டாவது முடிவு: "கோபம்," என்கிறார் ஜெயபாலன், பயத்தில். அறை விழுகிறது. புட்டி மேசையிலேயே நிற்கிறது. சோலையப்பன் வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்கிறான். இதற்கு ஜப்பான்காரனைக் குறை சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். அவன் தூரத்துக்காரன், போய்விடுவான். 'அந்தத் தஞ்சோங் சாபார்காரன் காகிதம் கேட்டதால்தானே ஒரு பொம்பளை செத்தா' என்று காஜா பெராங் சொல்லும். பேரப்பிள்ளைகளும் சொல்வார்கள். இங்கேயும் முதுகைக் காட்டிப் பேசக் கற்றுக்கொள்வார்கள். செமாபோக்காரர்கள் புதுப் படகு கட்டுவார்கள். இதற்கு ஆதாரம் ஏராளமாகக் கிடைக்கும்.

கருத்தரங்குக்கு இரண்டாவதுதான் பொருத்தம். எனக்கு முதலாவதுதான் வேண்டும். ஆனால் என் பேச்சை நம்பி ஒரு கருவாட்டு ஒப்பந்தம் ஏற்கெனவே முறிந்து கிடக்கிறது. இனி நான் வாயைத் திறப்பதாக இல்லை. [மூன்றாவது முடிவு ஒன்றும் எழுதினேன். அதில் ஆற்று முகத்தில் தண்ணீர் விலகி, சாம்பல் நிறத்தில்— வேண்டாம். அது சுமத்ராவுக்குப் போகட்டும்.]

ஆகையால் இப்படி விடுகிறேன். ஜெயபாலன் கடிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறார். மணி மூன்றே முக்கால்; தெய்வானையின் காய்ச்சலுக்கு இன்னும் கால் மணி நேரம். எழுத்தாளன் எழுதினது அவ்வளவுதான். இனி படிப்பவருடைய உதடுதான் வேலை செய்ய வேண்டும். ப என்ற எழுத்தை எந்த ஒலியில் சொன்னாலும், சொல்வதற்கு முன் உதடுகள் ஒருமுறை மூடித்தான் ஆக வேண்டும்.

ஜெயபாலன் மூடிவிட்டார்.

கடிதம் இப்போது உங்கள் கையில். சத்தமாகப் படியுங்கள். அதிகாரிக்குக் காது கொஞ்சம் மந்தம்.